கூரை மட்டும் போதுமா? கற்பிட்டி மணலில் குடியேறியவர்கள் தரும் பாடம்



நமது வீடுகளில் வாரத்தில் ஒரு நாளாவது கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். டவுன் கடையில் சம்பள நாளன்று நாம் வாங்குகிற கருவாட்டிலும் சின்ன வெங்காயத்திலும் ஒரு பங்கு கற்பிட்டியிலிருந்து வருகிறது. அந்த ஊரைப் பற்றியும், அங்கே கையில் ஒன்றுமில்லாமல் வந்து குடியேறிய மக்களைப் பற்றியும் இம்முறை படிக்கப் போகிறோம். ஊர்க் கதையாக மட்டும் இதை எழுதவில்லை. லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகிற, அல்லது போகக் காத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் பாடம் உண்டு. அதனால் ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பிரிவிலிருந்து ஒரு பஸ் பிடித்துக்கொண்டு தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனோம். திரும்பி வருகிற வழியில் கருவாடு வாங்குவதற்காகத் தெருவோரத்துக் கடையொன்றில் நிறுத்தினோம். கடையில் வயதான ஒரு முஸ்லிம் தாய் இருந்தார். கருவாட்டை நிறுத்துக் கட்டும்போது, "எங்க இருந்து வாறீங்க மகன்?" என்று கேட்டார். மலைநாட்டுத் தோட்டம் என்றோம். "உங்களுக்கு இதுதான் சொந்த ஊரா உம்மா?" என்று நாங்கள் கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"பொறந்தது மன்னார். இங்க வந்து முப்பது வருசத்துக்கு மேல. எந்த ஊருண்டு நான் சொல்ல?" என்றார்.

எங்களோடு வந்த கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் அதே கததாங்க உம்மா. பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இருக்கோம். அட்ரஸ் கேட்டா இன்னமும் தோட்டத்து ஆபீஸ் பேரத்தான் சொல்றோம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார், ஆனாலும் நாங்கள் அந்தக் கடையில் ஒரு மணித்தியாலம் வரை நின்றோம். இந்தப் பாடம் அங்கேதான் தொடங்கியது.

1. கற்பிட்டி எப்படிப்பட்ட இடம்?

புத்தளம் மாவட்டத்தில் ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலந்தான் கற்பிட்டிக் குடாநாடு. பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் தென்னந்தோட்டம், வெங்காயப் பாத்தி, புகையிலைத் தோட்டம், மீன்வாடி என்று மாறி மாறி வரும். நுரைச்சோலையில் அனல் மின்நிலையம் இருக்கிறது. அதன் முதலாவது பகுதி 2011ல் இயங்கத் தொடங்கியது. நமது லயத்தில் எரிகிற பல்புக்கும் அங்கிருந்து மின்சாரம் வருகிறது.

குடாநாட்டின் முனைப் பக்கத்தில் கற்பிட்டி நகரம். ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. அவர்களுக்கு முன் போர்த்துக்கேயர் இருந்தார்கள். முக்குவர், முஸ்லிம்கள், கத்தோலிக்க மீனவர், சிங்களவர், தமிழர் என்று பலரும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்த ஊர் அது. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை 1859ல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807ல் பிறந்ததும் இந்தக் கற்பிட்டியில்தான்.

ஆகவே கற்பிட்டி வந்தவர்களால் உண்டான ஊர். கடைசியாகப் பெருந்தொகையாக வந்தவர்கள் 1990ல் வந்தார்கள்.

2. ஒரு வாரத்தில் இல்லாமற் போன ஊர்

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம் மக்கள் எல்லோரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணித்தியாலங்களே அவகாசம் கொடுக்கப்பட்டது. மன்னாரில் சில நாட்கள். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். வீடு, காணி, கடை, மாடு, வள்ளம், நகை எல்லாம் போய்விட்டது. உடுத்த உடுப்போடும் கொஞ்சக் காசோடும் வந்தார்கள்.

மன்னார்த் தீவில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கடல் வழியாக வந்தார்கள். அது மழைக்காலம், கடலும் கொந்தளிப்பு. கடற்கரையில் குழந்தை குட்டிகளோடு வள்ளத்துக்குக் காத்திருந்தார்கள். ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் தெற்கே வந்து கற்பிட்டிக் கரையைத் தொட்டன. வழியிலே உயிரிழந்தவர்களும் உண்டு. கரையில் இறங்கியவர்களுக்குக் கற்பிட்டி மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சோறு சமைத்துக் கொடுத்தார்கள். தென்னந்தோட்டம் வைத்திருந்தவர்கள், "இப்போதைக்குக் கொட்டில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று இடம் விட்டார்கள்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: "இப்போதைக்கு". வந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு மாதம், கூடினால் ஆறு மாதம், பிறகு ஊருக்குப் போய்விடலாம் என்று. அந்த உம்மாவும் எங்களிடம் சொன்னார்: "மன்னார் வீட்டுத் தெறப்ப இடுப்புல முடிஞ்சிக்கிட்டு வந்த நான். கதவே இல்லாத வீட்டுக்கு இருபது வருசம் தெறப்பு வச்சிருந்தன்."

நமது மூதாதையரும் "இப்போதைக்கு" என்றுதான் வந்தார்கள். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய நாளிலிருந்து, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியேறி அதே மன்னார்ப் பக்கக் கரையில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் நாம். "இப்போதைக்கு" என்று கட்டிய லயத்தில்தான் இன்னமும் பல குடும்பங்கள் இருக்கின்றன.

3. மணலில் முதல் வருடங்கள்

முதல் வீடு கிடுகுக் கொட்டில். தென்னோலை பின்னி நாலு பக்கமும் மறைத்து மேலேயும் போட்டுக்கொள்வது. தரை மணல். மழை பெய்தால் கீழிருந்து தண்ணீர் ஊறும், காற்று அடித்தால் சோற்றில் மணல் விழும், அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் பக்கத்துக் கொட்டிலும் சேர்ந்து போகும். அரசாங்கம் உலர் உணவுப் பங்கீடு கொடுத்தது. இவ்விடங்களுக்கு "நலன்புரி நிலையம்" என்று பெயர். மக்கள் சுருக்கமாக "கேம்ப்" என்றார்கள்.

அடுத்த கஷ்டம் தண்ணீர். இது கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம். கற்பிட்டியில் ஆறு இல்லை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே வந்துவிடும். மணல் வழியாக எதுவும் சுலபமாக இறங்கிவிடுவதால், தோட்டத்துக்குப் போடும் உரமும் மலகூடத்துக் குழியின் அழுக்கும் கிணற்றுக்கு வந்து சேரும். சிறிய இடத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குழி மலகூடமும் கிணறும் அருகருகே வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? வயிற்றோட்டந்தான்.

மலையில் நமக்கு மணல் இல்லை. ஆனால் பாடம் ஒன்றே. பீலித் தண்ணீர் வருகிற ஊற்றுக்கு மேலே மலகூடம் கட்டக்கூடாது, ஊற்றைச் சுற்றி மரத்தை வெட்டக்கூடாது. கிணறு என்றால் மலகூடக் குழியிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். வீடு கட்டும்போது முதலில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, பிறகுதான் குழிக்கு இடம் குறிக்க வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு அடுத்தது. உள்ளூர்ப் பாடசாலைகளில் எல்லோருக்கும் இடமில்லை. காலையில் ஊர்ப் பிள்ளைகள், அவர்கள் போனபின் பின்னேரம் அதே வாங்கில் வந்த பிள்ளைகள் என்று பல இடங்களில் நடந்தது. பின்னேர வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து படித்த அந்தப் பிள்ளைகளில் ஆசிரியரானவர்களும் உத்தியோகத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். கொட்டிலில் இருந்தாலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை என்று அந்த உம்மா பெருமையோடு சொன்னார். நமது தாய்மார் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4. தோட்டக் கூலியும் அயலாரும்

வந்தவர்களில் மீனவர், கமக்காரர், வியாபாரி, ஆசிரியர் எல்லோரும் இருந்தார்கள். கற்பிட்டியில் முதலில் கிடைத்தது வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் நாள்கூலி வேலை. ஊரில் சொந்தமாக வயல் வைத்திருந்த பெண்கள் இங்கே பிறருடைய பாத்தியில் குனிந்து களை பிடுங்கினார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. நமது தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984லேதான் வந்தது என்பதை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கூலிக்கு ஆட்கள் கூடினால் கூலி இறங்கும். இங்கேதான் அயலாருக்குள் மனக்கசப்பு தொடங்கியது. "வந்தவங்க குறைஞ்ச கூலிக்குப் போறாங்க, எங்கட வேலை போகுது" என்று ஊர்க்காரர். "நிவாரணமும் அவங்களுக்கு, வேலையும் அவங்களுக்கு" என்று இன்னொரு பேச்சு. கிணற்றடி, பாடசாலை இடம், ஆஸ்பத்திரி வரிசை, அரசாங்க உத்தியோகம் எல்லாவற்றிலும் இந்த இழுபறி வந்தது. இரு பக்கமும் பெரும்பாலும் ஒரே மதத்தவர், ஒரே பாஷை பேசுகிறவர்கள். அப்படியிருந்தும் "அகதி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையையும் அகதிப்பிள்ளை என்று சொன்னார்கள்.

இதில் யார் கெட்டவர்கள்? யாருமில்லை. முதல் நாள் சோறு போட்ட அதே ஊர்க்காரர்தான் பத்து வருடத்துக்குப் பிறகு முணுமுணுத்தார். அவரும் ஏழை. வந்தவருக்கு உதவி வருகிறது, தனக்கு வரவில்லை என்றால் எவருக்கும் வயிறெரியும். அதனால்தான் பிறகு வந்த வீட்டுத் திட்டத்தில் கேம்பைச் சுற்றியிருந்த உள்ளூர் ஏழைக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம்.

நமக்கும் இது தெரியாததல்ல. 1977லும் 1983லும் கலவரத்துக்குத் தப்பி மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நமது உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் "மலைநாட்டான்" என்ற பெயர் அவர்களுக்கு முன்னால் போய் நின்றது. தோட்டத்துக்குள்ளேயே மேல் டிவிஷன் ஆட்களுக்குக் கீழ் டிவிஷனில் வீடு கொடுத்தால் "எங்க எடத்துல அவங்களுக்கு ஏன் வீடு?" என்று கேட்கிறோமா இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

5. வெறுங்கடதாசியும் உறுதியும்

வருடங்கள் போகப் போக, திரும்பிப் போவது உடனே நடக்கிற காரியமல்ல என்று விளங்கியது. சிலர் காசு சேர்த்துக் கற்பிட்டியிலேயே பத்து பேர்ச், இருபது பேர்ச் என்று தென்னங்காணி வாங்கினார்கள். அப்படி உண்டான புதிய குடியிருப்புகள் ஆலங்குடா போன்ற இடங்களில் பல.

ஆனால் வாங்கிய எல்லோருக்கும் சரியான உறுதி கிடைக்கவில்லை. அந்த உம்மாவின் கதையைக் கேளுங்கள். அவருடைய கணவர் கூலி வேலை செய்த காசில் பத்து பேர்ச் வாங்கினார். விற்றவர் நல்ல மனிதர். ஒரு கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அதைப் பொலித்தீனில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்தார்கள். சில வருடங்களில் விற்றவர் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வந்து, "எங்கட வாப்பா உங்களுக்கு எழுதிக் குடுத்தது எங்களுக்குத் தெரியாதே" என்றார்கள். அவர்கள் சண்டைக்கு வரவில்லை, உண்மையாகவே தெரியாது. ஆனால் சட்டத்தில் அந்தக் கடதாசி செல்லாது.

இலங்கைச் சட்டப்படி காணி கைமாறுவது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். 1840ஆம் வருடத்துக் கட்டளைச் சட்டம் அது. பிறகு காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். முத்திரை ஒட்டி எழுதிய துண்டு, ரசீது, வாய்ப்பேச்சு எதுவும் உறுதிக்கு ஈடாகாது.

2006ல் எடுத்த கணக்கெடுப்பில் புத்தளம் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களாக 60,000க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வந்து பதினாறு வருடங்கள், அப்போதும் ஆயிரக்கணக்கானோர் கிடுகுக் கொட்டிலில். 2007ல் உலக வங்கியின் நிதியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் ஆரம்பமாகி 2011 வரை நடந்தது. வீட்டுக்காரரே முன்னின்று கட்ட வேண்டும், அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரப் பணம் தவணையாக வரும். ஆனால் காணிக்கு ஒழுங்கான உரிமை வேண்டும். பலருக்குத் தடை அங்கேதான். ஆகவே வீடு கட்டுவதோடு காணி உரிமையைச் சீராக்குவதும் அந்தத் திட்டத்தின் வேலையாக இருந்தது.

உம்மாவின் குடும்பம் விற்றவரின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, செலவழித்து, ஒருவாறு உறுதி முடித்தார்கள். "உறுதி கையில கெடச்ச அண்டைக்குத்தான் வாசல்ல ஒரு மாங்கண்டு வச்சன். அதுவரைக்கும் ஒரு மரமும் நடல்ல மகன். யாருட மண்ணுல நட?" என்றார். அந்த மாமரத்தின் நிழலில்தான் அவருடைய கருவாட்டுக் கடை இருக்கிறது.

6. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஊருக்குப் போகலாம் என்றார்கள். போனவர்கள் பார்த்தது என்ன? வீடு இடிந்து, காணியில் காடு வளர்ந்திருந்தது. பாடசாலை, தண்ணீர் ஒன்றுமில்லை. வயதானவர்களுக்குப் போக ஆசை. கற்பிட்டியில் பிறந்த பிள்ளைகளுக்கு அது கதையில் கேட்ட ஊர். சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் இங்கேயே நின்றார்கள், இன்னும் சிலர் ஒரு கால் மன்னாரிலும் ஒரு கால் கற்பிட்டியிலுமாக இருக்கிறார்கள்.

இதில் பதிவுதான் பெரிய சிக்கல். பல வருடங்களாக அவர்களுடைய வாக்காளர் பதிவு வடக்கிலேயே இருந்தது. ஊரின் உரிமை விட்டுப்போகக் கூடாதே என்ற பயம், அது நியாயந்தான். ஆனால் வாழ்க்கை கற்பிட்டியில். வாக்கு இல்லாத இடத்தில் பிரதேச சபை அங்கத்தவரிடம் போய் ஒரு ரோட்டையோ ஒரு குழாயையோ உரிமையோடு கேட்க முடியுமா? ஊருக்குப் போய்க் கேட்டால், "நீங்கள் இங்கே இல்லையே" என்பார்கள். இரண்டு பக்கமும் இருக்கிறவருக்குச் சில நேரம் இரண்டு பக்கமும் இல்லாமற் போகிறது.

பதிவு இல்லாத மனிதரின் நிலை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நமது மக்களில் பெரும்பகுதியினர் நாடற்றவர்களானார்கள், அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சியவர்களின் பிரச்சினை 2003ஆம் வருடச் சட்டம் வரை இழுத்தது. ஐம்பத்தைந்து வருடங்கள்! ஒரு கடதாசிக்காக.

7. நாங்கள் செய்த பிழை

இனி எங்கள் கதையையும் சொல்ல வேண்டும். மற்றவருக்குப் புத்தி சொல்லிவிட்டு நமது பிழையை மறைப்பது சரியல்ல.

பல வருடங்களுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில் லயத்திலிருந்து சில குடும்பங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. மேளம், மாலை, படம் எடுத்தல் எல்லாம் நடந்தது. சாவி கொடுத்தவர், "உறுதி பிறகு வரும்" என்றார். ஜனங்கள் எங்களிடம் வந்து, "வெல்பெயார் ஐயா, கடதாசி ஒன்னுந் தரலயே?" என்று கேட்டபோது நாங்களும் "வரும், வரும்" என்றே சொன்னோம். வீட்டுப் பெயர்ப்பட்டியலை எழுதியதும் நாங்கள்தான். அவசரத்தில் ஒரு அப்பாவின் பெயரை அடையாள அட்டையிலுள்ளபடி எழுதாமல், பெரட்டுக்களத்தில் கூப்பிடுகிற பெயரிலேயே எழுதிவிட்டோம்.

சில வருடங்களில் அவர் காலமானார். மூத்த மகன் தன் சேமலாப நிதிக் காசைப் போட்டு வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இறக்கியிருந்தார். கொழும்பிலிருந்த இளையவர் வந்து பங்கு கேட்டார். இருவரும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். உறுதி இல்லை. பட்டியலில் இருக்கிற பெயர் மரணச் சான்றிதழில் இருக்கிற பெயரோடு பொருந்தவில்லை. "இப்படி ஒரு ஆள் இறக்கவேயில்லையே" என்றார்கள். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. தாயார் ஒரு மகன் வீட்டில் சாப்பிட்டால் மற்ற மகனுக்குக் கோபம். அந்தத் தாய் எங்களைத் திட்டவில்லை. "ஒரு பேர ஒழுங்கா எழுதியிருந்தா போதுமேங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலையும் அடையாள அட்டையைக் கையில் வாங்காமல் நாங்கள் எழுதுவதில்லை.

இன்று தோட்டங்களில் தனி வீடுகள் கூடிவருகின்றன. இந்திய அரசின் உதவியோடு 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடந்தது. 2017 மேயில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டது. ஏழு பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. ஓர் ஏக்கர் 160 பேர்ச். சின்னத் துண்டுதான், ஆனால் நமக்கு அது மலை.

மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்சரிவு வந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் புதிய வீடு கிடைக்கும்வரை இரண்டு வருடமளவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் காலம் தள்ளினார்கள். அங்கேயும் "இப்போதைக்கு" என்ற சொல்தான். மண்ணோடு பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் புதைந்துவிட்டால், உயிர் தப்பியவர் தான் யாரென்று நிரூபிக்கவே அலைய வேண்டிவருகிறது.

8. புது வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் வருடத்திலேயே செய்ய வேண்டியவை

(அ) பெயர்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், செக்ரோல், வீட்டுப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து. வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஆள் இருக்கும்போது திருத்துவது சுலபம். போனபின் கஷ்டம்.

(ஆ) உறுதி: 1992ல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன, காணி அரசாங்கத்துடையது. எத்தனை தலைமுறை இருந்தாலும் இருந்த காரணத்துக்காக மட்டும் அது நமதாகிவிடாது. ஆகவே, "உறுதி எப்போது? எந்த ஆபீஸில்? யார் பெயரில்?" என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் போட முடியுமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

(இ) பிரதி: எல்லாக் கடதாசியையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் பொலித்தீனில், இன்னொன்று வேறு இடத்திலுள்ள நம்பிக்கையான உறவினரிடம். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

(ஈ) முகவரி: வீட்டுக்கு இலக்கம் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று வருடந்தோறும் பாருங்கள். தோட்டத்து ஆபீஸ் முகவரிக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்து வேலையை இழந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

(உ) தண்ணீர்: ஊற்று மேலே, குழி கீழே. இதை மாற்றாதீர்கள்.

(ஊ) அயல்: வீடு கிடைக்காத குடும்பம் லயத்தில் இருக்கிறது. அவர்களை மறக்காதீர்கள். வந்த தண்ணீர்க் குழாயில் அவர்களுக்கும் ஒரு பைப் விட முடியுமென்றால் விடுங்கள். கற்பிட்டியில் வந்த கசப்பு நமது தோட்டத்தில் வரவேண்டாம்.

9. வாசித்தபின் குடும்பமாகப் பேசுங்கள்

1. நமது வீட்டில் எத்தனை பேருடைய பெயர் எல்லாக் கடதாசியிலும் ஒரே மாதிரி இருக்கிறது? ட்ரங்குப் பெட்டியை இன்றிரவே திறந்து பாருங்கள்.

2. விற்றவர் நல்லவர் என்றால் உறுதி தேவையில்லையா? உம்மாவின் கதையை வைத்துப் பதில் சொல்லுங்கள்.

3. நமது டிவிஷனுக்குப் புதிதாக வந்த குடும்பத்தை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? அது அவர்களுடைய சொந்தப் பெயர்தானா?

4. நமது வாசலில் பலன் தரும் மரம் ஏதாவது நட்டிருக்கிறோமா? இல்லையென்றால் ஏன்?

பெயரில் பிழை இருப்பவர்கள், உறுதி பற்றிக் கேட்க வேண்டியவர்கள், கடிதம் எழுதத் தெரியாதவர்கள், வேலை முடிந்து பின்னேரம் நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். வரும்போது அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.